வன்னி போட்ட புள்ளடி

ஒவ்வொரு ஜனாதிபதித் தேர்தல் முடிவிலும் வடக்கின் வரைபடம் வேறு நிறத்தில் தெரியும்போது, தமிழர் இனம் பார்த்தே வாக்களிக்கிறார்கள் என்று தெற்கில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். மன்னார் தொகுதி, வவுனியா, முல்லைத்தீவுத் தொகுதிகளோடு சேர்ந்து வன்னித் தேர்தல் மாவட்டம் ஆகிறது. அதன் கணக்கை வரிசையாக வைத்தால் அந்த விளக்கம் நிற்காது. 2010 ஜனவரியில், போர் முடிந்து எட்டு மாதங்களில், இங்கே வாக்களித்தோரில் ஏறத்தாழ 67 வீதத்தினர் ராஜபக்சவை எதிர்த்த சரத் பொன்சேகாவைத் தெரிவுசெய்தனர். போரை நடத்திய இராணுவத் தளபதியே அவர். அதே தேர்தலில் நின்ற தமிழரான சிவாஜிலிங்கத்துக்கு நாடு முழுவதிலும் பத்தாயிரம் வாக்குக்கூடக் கிடைக்கவில்லை. தன் ஆளை ஆட்சியில் அமர்த்த முடியாத சனம், யார் அங்கே இருக்கக் கூடாது என்பதைத் தீர்மானித்தது. 2015இல் மைத்திரிபாலவுக்கு 78 வீதம், 2019இல் சஜித்துக்கு 82 வீதம் என்று அதே முடிவு இறுகிக்கொண்டே போனது.

தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு கைகாட்டிய பக்கம் போட்ட வாக்குத்தானே என்று கேட்கலாம். கைகாட்டியது உண்மை. ஆனால் 1990இல் விடுதலைப் புலிகளால் துரத்தப்பட்டு, புத்தளத்தில் வாழ்ந்துகொண்டு, வாக்களிக்க மட்டும் மன்னாருக்கு வந்த முஸ்லிம்களைக் கூட்டமைப்பு அனுப்பவில்லை. 2019 நவம்பர் 16 அன்று தந்திரிமலையில் அவர்களுடைய பஸ்கள்மீது துப்பாக்கிச் சூடும் கல்வீச்சும் நடந்தன. மிரட்டலுக்கும் கட்டளைக்கும் வாக்கு அடங்கிய காலமும் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை: 2005இல் புலிகளின் புறக்கணிப்பால் யாழ்ப்பாணத்தில் வாக்களிப்பு 1.2 வீதமாகச் சுருங்கியது. வன்னியில் அப்போதும் சுமார் 34 வீதத்தினர் வாக்களித்தனர். அதில் நான்கில் மூன்றுக்கு மேல் ரணிலுக்கு. நாடு தழுவி ரணில் தோற்றதோ சுமார் 1,81,000 வாக்கால். போடாமல் விட்ட வாக்கின் விலை எவ்வளவு என்பதை அந்தத் தோல்வி காட்டியது. 2015இல் மைத்திரிபாலவின் நாடளாவிய முன்னிலை 4,49,072. வன்னி மட்டும் அதில் 1,07,040ஐக் கொடுத்தது, ஏறக்குறைய நான்கில் ஒன்று. சிறுபான்மை வாக்கு வீண் என்று இதற்குப் பிறகும் சொல்பவர்கள் கணக்குப் பார்க்காதவர்கள்.

இந்த வாசிப்புக்கு வலுவான சான்று 2024 செப்டெம்பர் என்பேன். ராஜபக்ச வெல்லக்கூடும் என்ற அச்சம் அப்போது இல்லை. உடனே ஒற்றை வாக்கு நாலாகப் பிரிந்தது: சஜித்துக்கு 44 வீதம், ரணிலுக்கு 24, தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு 17, வென்ற அநுரவுக்குப் பத்துக்கும் குறைவு. தமிழரசுக் கட்சி சஜித்தை ஆதரித்தும் அவரால் பாதியை எட்ட முடியவில்லை. அச்சம் நீங்கியதும் இழுவைப்படகுப் பிரச்சினையும் காணிப் பிரச்சினையும் விலைவாசியும் வாக்குச் சாவடிக்குள் வர இடம் கிடைத்தது. வென்றவர் பக்கம் சாயும் பழக்கமே வன்னியுடையது என்று, இரண்டு மாதம் கழித்து நடந்த நாடாளுமன்றத் தேர்தலைக் காட்டிச் சிலர் வாதிடுகிறார்கள். அதில் அநுரவின் தேசிய மக்கள் சக்தி வன்னியில் முதலிடம் பெற்றது உண்மை. ஆனால் முதலிடத்துக்கு அதற்குக் கிடைத்தது ஐந்தில் ஒரு பங்கு வாக்கும், ஆறில் இரண்டு ஆசனமும்தான். மிச்சம் நான்கும் வேறு வேறு கைகளுக்குப் போயின.