ஸ்கேனில் ஒன்றுமில்லை, பிறகு ஏன் வலிப்பு?

சந்தவாசலிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “என் தம்பிக்கு ஃபிட்ஸ் வருகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தோம், ஒன்றுமில்லை என்கிறார்கள். மூளையின் இணைப்புகளையே காட்டும் புது ஸ்கேன் இருக்கிறதாமே, அதை எடுக்கலாமா?”

வழக்கமான எம்.ஆர்.ஐ. காட்டுவது மூளையின் அமைப்பை. தழும்பு, கட்டி, சுருங்கிய ஹிப்போகாம்பஸ் (நினைவுக்குரிய பகுதி) இருந்தால் தெரியும். வலிப்போ நரம்பணுக்கள் கூட்டமாகச் சேர்ந்து, கட்டுமீறித் துடிப்பது. அமைப்பு நன்றாக இருந்தும் அந்தச் சேர்க்கை கெடலாம். சேர்க்கையை எப்படிப் பார்ப்பது? எனக்கு அலுக்காத இடம் இதுதான்.

1995இல் அமெரிக்காவில் ஆய்வு மாணவராக இருந்த பரத் பிஸ்வால், சும்மா படுத்திருப்பவர்களின் மூளையில் ரத்த ஆக்சிஜன் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்த்தார். பத்து விநாடிக்கு ஒரு முறைகூட எழாத மெல்லிய அலை. வெறும் இரைச்சல் என்று அதுவரை ஒதுக்கிவந்தார்கள். ஆனால் இடது கையை இயக்கும் பகுதியிலும் வலது கையை இயக்கும் பகுதியிலும் அந்த அலை சேர்ந்தே எழுந்தது, சேர்ந்தே விழுந்தது. அப்போது எந்தக் கையும் அசையவில்லை!

நெசவுத் தெருவில் கதவெல்லாம் சாத்தியிருக்க நடந்து போகிறீர்கள். உள்ளே என்ன சேலை ஓடுகிறதென்று தெரியாது, தறிச் சத்தம் மட்டும் கேட்கும். பத்து நாள் கவனித்தால், இந்தக் கோடி வீட்டுச் சத்தமும் அந்தக் கோடி வீட்டுச் சத்தமும் ஒன்றாகவே எழுந்து ஓய்வது பிடிபடும். இரண்டு வீட்டுக்கும் பாவு கொடுக்கும் முதலாளி ஒருவரே என்று ஊகிக்கலாம். ஜரிகை தீர்ந்தால் இரண்டும் நிற்கும். நீங்கள் கேட்ட இணைப்பு ஸ்கேனும் இப்படித்தான், சேர்ந்து எழும் அலைகளை வைத்து இணைப்பை ஊகிக்கிறது. நெற்றிப்பொட்டுப் பக்கத்து மூளை மடலில் எழும் வலிப்பில், ஹிப்போகாம்பஸ் தன் பழைய கூட்டாளிகளோடு சேராமல் விலகிப்போவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. மாற்றம் எதிர்ப்பக்கத்து மூளையிலும் தெரிகிறது. ஒரு வீட்டுத் தறி தடம்மாறினால் தெருவின் தாளமே மாறுகிறது.

ஆனால் மழை பிடித்தாலும் எல்லாத் தறியும் நிற்கும். தறிக் குழியில் தண்ணீர் வந்துவிட்டால் நெசவேது? அதைக் கேட்டு, தெரு முழுக்க ஒரே முதலாளி என்று சொன்னால் தப்பு. ஸ்கேனில் அந்த மழை, தலை அசைவும் மூச்சும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அசைவே பொய்யான இணைப்புகளைக் காட்டும் என்பது 2012இல் உறுதியானது. சிறுவர்கள் அசையாமல் கிடப்பார்களா?

வலிப்புக்கு வைத்தியம் இந்த ஸ்கேனை நம்பி இருந்ததில்லை: 1952லேயே வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவர்கள் ஜேக்கப் சாண்டியும் பல்தேவ் சிங்கும் வலிப்புக்கு அறுவை சிகிச்சை செய்துவிட்டார்கள். அப்போது எம்.ஆர்.ஐ.யே கிடையாது.

அறுவையின் பலனுக்கு இன்று நல்ல சான்று இருக்கிறது. மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள 116 சிறார்களை வைத்து டெல்லி எய்ம்ஸ் 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டுக்குப் பிறகு அறுவை செய்துகொண்டவர்களில் 77 சதவீதம் பேருக்கு வலிப்பே இல்லை; மருந்து மட்டும் எடுத்தவர்களில் 7 சதவீதம்தான். இணைப்பு ஸ்கேனுக்கு அப்படி ஒரு சான்று இன்னும் இல்லை. அதன் முடிவுகள் பெரும்பாலும் கூட்டத்தின் சராசரி. உங்கள் தம்பி ஒருவரைப் பற்றி அது உறுதியாக எதுவும் சொல்லாது.

ஆகவே அதற்காகக் கடன் வாங்காதீர்கள். மாத்திரையை ஒருநாளும் நிறுத்த வேண்டாம். அடுத்த முறை வலிப்பு வரும்போது ஒருவர் அவரைப் பக்கவாட்டில் படுக்க வைக்கட்டும், இன்னொருவர் செல்போனில் வீடியோ எடுக்கட்டும். சாவியைக் கையில் திணிக்க வேண்டாம். நரம்பியல் மருத்துவரிடம் அந்த வீடியோவைக் காட்டி, பழைய எம்.ஆர்.ஐ. வலிப்புக்கென்றே உள்ள முறையில், ஹிப்போகாம்பஸுக்குக் குறுக்கே மெல்லிய துண்டுகளாக எடுத்ததா என்று கேளுங்கள்.