நாயின் தாகமும் நமது கடனும்

வீட்டு நாய் முன்னினும் அதிகமாகத் தண்ணீர் குடித்தால் நாம் அதனைப் பெரிதாக எண்ணுவதில்லை. வெயிற் காலமாயின் வெயில் என்போம். நாய்க்கு வயது சென்றிருப்பின் முதுமை என்போம். எமது இல்லத்திலும் இவ்விரு காரணங்களையே சொல்லிக்கொண்டிருந்தோம். அவ்வாறு சொல்லிக் காலங் கழித்தமையால் நேர்ந்த இழப்பே இக்கட்டுரையை எழுத எம்மைத் தூண்டியது.

அது ஒன்பது வயதுப் பெட்டை நாய். மணி என்பது பெயர். கிணற்றடித் தொட்டியில் நாளுக்குப் பன்முறை வாய் வைத்தது. வேளைதோறும் வயிறார உண்டும் உடல் மெலிந்தது. குட்டிப் பருவந்தொட்டு வீட்டினுள் அசுத்தஞ் செய்தறியாத அப்பிராணி, இரவில் விறாந்தையிற் சிறுநீர் கழிக்கத் தொடங்கிற்று. நாம் அதனை அதட்டினோம். ஒருமுறை கை ஓங்கியும் விட்டோம். ஒரு நாட் காலை விறாந்தையைக் கழுவ வந்த எம் அன்னையார், ஈரமிருந்த இடத்தை எறும்புகள் மொய்த்திருக்கக் கண்டார். அவர் பல ஆண்டுகளாக நீரிழிவுக்கு ஊசி போட்டுக்கொள்பவர். “தம்பி, இதுக்கும் என்ர வருத்தம்தான் போல” என்றார். மிருக வைத்தியர் இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்து, அன்னையார் கூறியதே சரியென்றார்.

நாய்க்கும் நீரிழிவு வருமா என்று வியப்போர் பலர். வரும், பூனைக்கும் வரும். அதுமட்டுமன்று, மனிதரின் நீரிழிவுக்கு மருந்து கண்ட வரலாறே நாயின் வரலாறுதான்.

குழாயில்லாச் சுரப்பிகள்

உடலிலுள்ள சுரப்பிகள் இரு வகையின. உமிழ்நீர்ச் சுரப்பி போன்றவை தாம் சுரப்பதைக் குழாய் வழியே உரிய இடத்துக்கு அனுப்புவன. மற்றையவை குழாயின்றி நேரே இரத்தத்திற் கலப்பன. இவற்றையே அகஞ்சுரக்குஞ் சுரப்பிகள் என்பர். இவை சுரக்கும் பொருளுக்கு ஓமோன் என்ற பெயரை 1905ஆம் ஆண்டில் வழங்கியவர் இங்கிலாந்து அறிஞர் ஸ்ரார்லிங். தூண்டுதல் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது அப்பெயர். 1902இல் அவரும் பேலிசும் இத்தகைய பொருளொன்றை முதன்முதல் இனங்கண்டதும் ஒரு நாயின் உடலிலேயே.

இரைப்பைக்கு அண்மையில் உள்ள சதையி இரு தொழில் செய்வது. சீரணச் சாற்றைக் குழாய் வழியே குடலுக்கு அனுப்பும். இன்சுலின் என்னும் ஓமோனை இரத்தத்தில் விடும். இரத்தத்திலுள்ள வெல்லம் தசை முதலியவற்றினுட் செல்ல இன்சுலின் வேண்டும். அது குறைந்தால் வெல்லம் இரத்தத்திலேயே தேங்கி, அளவு கடந்தபின் சிறுநீரோடு வெளியேறும். வெளியேறும்போது உடலின் நீரையும் உடன்கொண்டு செல்லும். ஆதலாற் தாகம் மிகும். உண்டது உடலிற் சேராமையாற் பசியும் மெலிவும் ஒருங்கே காணப்படும். எம் மணியிடத்து நாம் கண்ட குறிகள் யாவும் இவையே.

நாய்கள் தந்த மருந்து

1889ஆம் ஆண்டு, அந்நாளில் ஜேர்மனியின் ஆட்சியிலிருந்த ஸ்ராஸ்பூர்க் நகரில், மின்கோவ்ஸ்கி, வொன் மேறிங் என்னும் இரு மருத்துவர்கள் ஒரு நாயின் சதையியை முற்றாக அகற்றினர். கொழுப்பின் சீரணத்துக்கு அவ்வுறுப்பு இன்றியமையாததா என்று அறிவதே அவர்கள் நோக்கம். நாயோ ஓயாது சிறுநீர் கழித்தது. அதனைச் சோதித்தபோது வெல்லம் காணப்பட்டது. நீரிழிவின் தோற்றுவாய் சதையியிற் கிடக்கின்றது என்று உலகம் அன்று அறிந்தது.

முப்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன. 1921ஆம் ஆண்டின் கோடையில், கனடாவின் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் மக்லியொட்டின் ஆய்வுகூடத்தில், பான்ரிங் என்னும் இளம் மருத்துவரும் பெஸ்ற் என்னும் மாணவரும், சதையி அகற்றப்பட்ட நாய்களுக்குச் சதையியின் சாற்றை ஊசி மூலம் ஏற்றினர். இரத்தத்தின் வெல்லம் இறங்கிற்று. மார்ஜரி என்று பெயரிடப்பட்ட நாய் அவ்வூசியின் துணையால் ஏறக்குறைய பத்து வாரம் வாழ்ந்தது. அவ்வாராய்ச்சியில் உயிர் நீத்த நாய்கள் பல. கொலிப் என்னும் அறிஞர் சாற்றைத் தூய்மைப்படுத்தினார். 1922 சனவரியில், மரணத்தின் வாயிலில் நின்ற லெனாட் தொம்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அது ஏற்றப்பட்டது, சிறுவன் தேறினான். அடுத்த ஆண்டில் பான்ரிங்கும் மக்லியொட்டும் நோபல் பரிசு பெற்றனர்.

இன்று எம் அன்னையாரும், அவர் போன்ற கோடிக்கணக்கானோரும் உயிர் வாழ்வது அந்நாய்கள் இட்ட பிச்சை என்றால் அது மிகையாகாது. அக்கடனைத் தீர்க்கும் வழி எளிது: நம் வீட்டு நாய் அதே நோயால் வருந்தும்போது அதனைக் கண்டறிதல்.

கண்டறிவது எவ்வாறு?

நாய் ஒன்று, தன் உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 100 மில்லிலீற்றருக்கு மேற் குடிப்பின் அது மிகையான தாகம். பத்துக் கிலோ நாய்க்கு ஒரு லீற்றர் எல்லை. காலையில் அளந்து ஊற்றி, மறுநாட் காலையில் எஞ்சியதை அளந்து கழித்தால் கணக்குத் தெரிந்துவிடும். இதனை ஒரு பள்ளி மாணவனே செய்யலாம்.

பெட்டை நாய்களுக்கு இந்நோய் கூடுதலாக வரும். பருவங் கண்ட பின் மிகும் ஓமோன்கள் இன்சுலினின் தொழிலைத் தடுப்பதே காரணம். சூலகங்களை அகற்றுஞ் சிகிச்சை இவ்வகையிலும் நன்மை பயக்கும். பூனைகளுள் கொழுத்த, நடமாட்டங் குறைந்த கடுவன்களையே இந்நோய் பெரிதும் பற்றும். சில பூனைகள் நோய் முற்றிப் பின்னங் குதிகால் நிலத்திற் படிய நடக்கும். ஆயினும், காலத்தே சிகிச்சை தொடங்கின், பூனைக்கு ஊசியே வேண்டாத நிலை திரும்புவதும் உண்டு. நாய்க்கோ பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் ஊசி வேண்டும்.

தாகம் எல்லாம் நீரிழிவும் அன்று. அதிரீனற் சுரப்பி மிகைப்பட்டால் நாய்க்குத் தாகத்தோடு வயிறு தொங்கும், மயிர் உதிரும். முதிய பூனை நிறைய உண்டும் மெலிந்து அமைதியின்றி அலைந்தால், தைரொயிட்டுச் சுரப்பி மிகைப்பட்டிருக்கலாம். நாயில் அதே சுரப்பி குன்றுவதே வழக்கம். அப்போது உண்ணாமலே பருக்கும், சோம்பிக் கிடக்கும். சிறுநீரக நோயாலும், கருப்பையிற் சீழ் கட்டுவதாலுங் கூடத் தாகம் மிகும். ஆதலின் வேறுபாடு காண்பது வைத்தியர் கடன். தாகத்தைக் காண்பது நம் கடன்.

வீட்டிலிருக்கும் மனிதர் மருந்தை நாய்க்குத் தாமாகவே கொடுத்தல் ஆகாது; அளவு தவறின் உயிர் போம். ஊசி ஏற்றிய பின் நாய் தள்ளாடினாலோ நடுங்கினாலோ, வெல்லம் அளவுக்கு மீறி இறங்கிற்று என்று கொண்டு, முரசிற் சிறிது தேன் தடவி உடனே வைத்தியரிடம் செல்லல் வேண்டும்.

எம் மணிக்கு நோய் கண்டறியப்படுமுன்னரே கண்களிற் படலம் படர்ந்துவிட்டது. நீரிழிவுற்ற நாய்கள் பெரும்பாலானவற்றுக்கு இது விரைவில் நேரும் என்றார் வைத்தியர். இப்பொழுது காலையும் மாலையும் உணவோடு ஊசி. குளிர்ப்பெட்டியில் இரு மருந்துக் குப்பிகள் வேறு வேறு தட்டில் உள்ளன: ஒன்று அன்னையாருக்கு, மற்றது மணிக்கு. அன்னையார் தமது ஊசியைப் போட்டபின், “வா பிள்ளை” என்று அழைப்பார். கண் தெரியாத மணி, குரல் வந்த திசையை நோக்கிச் சுவரோரமாக நடந்து வரும்.

எம் காலடி ஓசை கேட்டாலும் அது வாலை ஆட்டுகின்றது. நாம் கை ஓங்கியதை அது மறந்துவிட்டது போலும், நாம் மறக்கவில்லை.