வருகைப் பதிவும் சம்பளக் கணக்கும்: ஏபிஐ எதைக் கடத்தும், எதைக் கடத்தாது?

ஒரு நடுத்தரத் தொழிற்சாலையில் பொதுவாக மூன்று மென்பொருள்கள் ஓடும். வாசலில் கைரேகை மெஷினோடு சேர்ந்த வருகைப் பதிவு ஒன்று. யாருக்கு எந்த ஷிஃப்ட், யார் லீவு என்று பார்ப்பது இன்னொன்று. சம்பளம் போடுவது மூன்றாவது. பெரும்பாலும் மூன்றும் மூன்று கம்பெனி எழுதியவை. முன்பெல்லாம் ஒன்றிலிருந்து எக்செல் ஃபைலாக இறக்கி இன்னொன்றில் ஏற்றுவார்கள். அந்த வேலையை இப்போது ஏபிஐ செய்கிறது. "நேற்றைய பஞ்ச் எல்லாம் கொடு" என்று ஒரு மென்பொருள் கேட்பதற்கும் மற்றது பதில் தருவதற்கும் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட முறை, அவ்வளவுதான்.

தகவல் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது சுலபம். சர்வர் 200 என்று பதில் தந்தால் சேர்ந்துவிட்டது. ஆனால் போன தகவலை இரண்டு பக்கமும் ஒரே அர்த்தத்தில் எடுத்துக்கொண்டதா? இந்தத் துறையில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியதில் நான் கவனித்தது, தொழிலாளியின் காசு தொலைவது இங்கேதான். மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, ஆள் யார் என்பது. மெஷினில் அவர் நம்பர் 00117. சம்பள மென்பொருள் அதை எண்ணாக எடுத்தால் 117. ஒப்பந்தத் தொழிலாளர் பட்டியலில் இன்னொரு 117 இருந்தால் முடிந்தது கதை. பணியாளர் நம்பர் கூட்டிக் கழிக்கிற எண் இல்லை, பெயர் மாதிரி. எழுத்தாகவே அனுப்ப வேண்டும்.

இரண்டாவது, நாள் என்பது. ஒருவர் 14ஆம் தேதி இரவு 10 மணிக்கு உள்ளே வருகிறார். காலை 6:30க்குப் போக வேண்டியவர், மாற்று ஆள் வராததால் 8:30 வரை நிற்கிறார். நள்ளிரவுக்குப் பிறகு எடுத்த அரை மணி இடைவேளை போக வேலை 10 மணி நேரம். மறுநாள் இரவு அவருக்கு லீவு. காலண்டர் தேதிப்படி வெட்டினால் 14ஆம் தேதி 2 மணி, 15ஆம் தேதி 8 மணி. எந்த நாளும் 9 மணியைத் தாண்டவில்லை, ஓ.டி. பூஜ்யம்! 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் இதற்கு அப்போதே விடை எழுதி வைத்தது. நள்ளிரவுக்குப் பிறகு செய்த வேலையை முந்தைய நாளில் சேர்க்கச் சொன்னது அதன் 57ஆம் பிரிவு. ஒரு நாளில் 9 மணியைத் தாண்டினால் இரட்டிப்புக் கூலி என்றது 59ஆம் பிரிவு. அந்தக் கணக்குப்படி இவருக்கு ஒரு மணி நேர ஓ.டி. உண்டு. ஆகவே பஞ்ச் நேரம் மட்டும் போதாது. அது எந்த ஷிஃப்ட் தேதியைச் சேர்ந்தது என்பதும் கூடவே போக வேண்டும். நேரத்தோடு +05:30 என்ற குறிப்பும் வேண்டும். இல்லாவிட்டால் யுடிசியில் ஓடும் சர்வர் ஐந்தரை மணி நேரம் தள்ளிப் படித்துவிடும்.

மூன்றாவது, திரும்ப அனுப்புவது. ஓ.டி. பதிவை அனுப்பியாச்சு, பதில் வருவதற்குள் நெட் போச்சு. போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. மறுபடி அனுப்பினால் ஒரே ஓ.டி. இரண்டாகப் பதிவாகலாம், அனுப்பாவிட்டால் ஒன்றுமே இல்லாமல் போகலாம். ஹெச்டிடிபி விதிப்படி புட் கோரிக்கையை எத்தனை முறை அனுப்பினாலும் விளைவு ஒரு முறை அனுப்பியதுதான். போஸ்ட்டுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாள எண் கொடுத்து, ஏற்கெனவே வந்த எண் என்றால் புதிதாகச் சேர்க்காமல் பழைய பதிலையே தர வேண்டும்.

இந்த மூன்றையும் கோடு எழுதும் முன்பே சம்பளப் பிரிவில் இருப்பவரோடு உட்கார்ந்து பேசி எழுதி வைத்துவிடுங்கள். சம்பளம் போடும் முன் இரண்டு பக்கத்து மொத்த மணியையும் ஓ.டி. மணியையும் ஆள்வாரியாக ஒப்பிடுங்கள். மொத்தம் மட்டும் பார்த்தால் மேலே சொன்ன இரவு ஷிஃப்ட் பிசகு சிக்காது, இரண்டு பக்கமும் 10 என்றே காட்டும். முடிந்தால் சம்பளச் சீட்டிலேயே எந்த ஷிஃப்டுக்கு எத்தனை மணி என்று அச்சிடுங்கள். தன் ராத்திரிக் கணக்கு அந்தத் தொழிலாளிக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.