நல்லாட்சிக் காலத்து ஒத்துழைப்பு: வடக்குக்குக் கிடைத்தது என்ன, தங்கியது என்ன?

கடந்த மாரி முடிந்த கையோடு வலிகாமத்தில் ஒரு கிராமத்துக்குச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். வெள்ளம் வடிந்த வீதியில் முழங்கால் அளவுக்குக் குழிகள். மறித்து நிறுத்திய ஒரு மாமி கேட்டார்: “பிள்ளை, இந்த றோட்டை ஆரட்டைச் சொல்லித் திருத்துறது? பிரதேச சபை தங்கட இல்லையாம். மற்றக் கந்தோருக்குப் போனால் காசு வரேல்லையாம்.”

சட்டப்படி பதில் இருக்கிறது. ஏ, பி தர வீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்குரியவை. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்குரியவை. உள் வீதிகளும் ஒழுங்கைகளும் பிரதேச சபைக்குரியவை. அந்த வீதி மாகாணத்துக்குரியது. ஆனால் மாகாணத்தில் 2018 ஒக்டோபரின் பிறகு மக்கள் தெரிவு செய்த சபை இல்லை. ஆளுநர் மட்டுமே இருக்கிறார்.

இதை விளங்கப்படுத்தியபோது மாமி அடுத்த கேள்வியைக் கேட்டார்: “எங்கட ஆக்கள் கவுண்மேந்தோட சேந்துதானே நிண்டவை. அப்ப ஏன் இப்பிடிக் கிடக்கு?”

மாகாண சபைத் தேர்தல் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே வருகிறது. கொழும்புடன் சேர்ந்து போவதா, எதிர்த்து நிற்பதா என்று மேடைகளில் வாதிடுகிறோம். சேர்ந்து போன காலத்தில் உண்மையில் என்ன நடந்தது என்ற கணக்கை அரிதாகவே பார்க்கிறோம்.

தொடக்கம்

2013 செப்டெம்பர் 21 அன்று வடக்கு மாகாண சபைக்கு முதலாவது தேர்தல் நடந்தது. அப்போது நான் ஊடகக் கற்கைகள் மாணவன். 38 ஆசனங்களில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பெற்றது. சி.வி. விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். ஆளுநராக இருந்தவரோ ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரியான ஜீ.ஏ. சந்திரசிறி. முதல் பதினைந்து மாதங்கள் இழுபறியிலேயே போயின.

2015 ஜனவரி 8 ஜனாதிபதித் தேர்தலில் வடக்கும் கிழக்கும் மைத்திரிபால சிறிசேனவுக்குப் பெருமளவில் வாக்களித்தன. சில வாரங்களுக்குள் முன்னாள் இராஜதந்திரியான எச்.எம்.ஜீ.எஸ். பலிஹக்கார ஆளுநரானார். அதே ஆண்டு ஓகஸ்ட் பொதுத் தேர்தலில் 16 ஆசனங்கள் பெற்ற கூட்டமைப்பின் தலைவர் இரா. சம்பந்தன் எதிர்க்கட்சித் தலைவரானார். பதவியால் எதிர்க்கட்சி. ஆனால் முக்கியமான வாக்கெடுப்புகளில் கூட்டமைப்பு அரசின் பக்கம் நின்றது.

சீர்திருத்தம்

ஜனாதிபதியின் அதிகாரத்தைக் குறைத்த 19ஆவது திருத்தம் 2015 ஏப்ரல் 28 அன்று நிறைவேறியது. கூட்டமைப்பு ஆதரவாக வாக்களித்தது. 2016 மார்ச்சில் நாடாளுமன்றம் ஒரு தீர்மானத்தின் மூலம் அரசியலமைப்புப் பேரவையாக மாற்றப்பட்டது. 2017 செப்டெம்பர் 21 அன்று வழிநடத்தல் குழுவின் இடைக்கால அறிக்கை வந்தது. அதற்கு மேல் அது நகரவில்லை. 2020 மார்ச்சில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டதோடு பேரவையும் போய்விட்டது.

கூட்டமைப்பு ஆதரித்த இன்னொரு சட்டம்தான் இன்று நம்மை வருத்துகிறது. 2017 செப்டெம்பரில் மாகாண சபைத் தேர்தல் முறை மாற்றப்பட்டது. தொகுதி முறையும் விகிதாசார முறையும் கலந்த அந்த முறைக்குத் தொகுதி எல்லைகள் வகுக்கப்பட வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது அதற்கு ஒரு வாக்குக்கூடக் கிடைக்கவில்லை. பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லைகள் இல்லை. தேர்தல் அப்படியே நின்றுபோனது. மாகாண சபை வேண்டும் என்று கேட்டவர்களும் கை உயர்த்திய ஒரு சட்டம், மாகாண சபைகளே இல்லாத காலத்துக்கு வழி திறந்தது.

காணியும் பொலிஸும்

ஒத்துழைப்பின் பலன் கண்ணுக்குத் தெரிந்த இடம் காணிதான். அதைக் குறைத்துச் சொல்வது நியாயமில்லை. கிழக்கில் சம்பூரில் முதலீட்டு வலயத்துக்கென எடுக்கப்பட்ட 818 ஏக்கர் 2015இல் விடுவிக்கப்பட்டது. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம், 27 ஆண்டுகளின் பின் மீனவர்களிடம் வந்தது. சொந்தக் கிணற்றில் மறுபடி தண்ணீர் அள்ளிய ஒருவரிடம் போய் “ஒத்துழைத்ததால் ஒன்றும் கிடைக்கவில்லை” என்று சொல்ல என்னால் முடியாது.

ஆனால் அவை எப்படிக் கிடைத்தன என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு துண்டும் கொழும்பு எடுத்த முடிவால், விழா வைத்து, கட்டம் கட்டமாக வந்தது. எந்தக் காணி, எந்தத் திகதிக்குள் விடப்படும் என்று இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் ஆவணம் எதுவும் இருக்கவில்லை. அதனால்தான் 2017இல் கேப்பாப்புலவு மக்கள் முகாம் வாசலில் குந்த வேண்டியிருந்தது. 2018 ஏப்ரலில் இரணைதீவு மக்கள் தாங்களே படகேறித் தீவுக்குப் போக வேண்டியிருந்தது.

13ஆவது திருத்தத்தின்படி அரச காணிக் கொள்கையை வகுக்கத் தேசிய காணி ஆணைக்குழு ஒன்று அமைய வேண்டும். அதில் எல்லா மாகாண சபைகளுக்கும் பிரதிநிதித்துவம் உண்டு. 1987இல் எழுதிய ஏற்பாடு. நல்லாட்சியிலும் அது அமைக்கப்படவில்லை.

பொலிஸும் அப்படியே. மாகாணத்துக்கான பிரதிப் பொலிஸ் மா அதிபரை முதலமைச்சரின் இணக்கத்துடன் நியமிக்க வேண்டும் என்று அதே திருத்தம் சொல்கிறது. 2016 ஒக்டோபரில் குளப்பிட்டியில் பல்கலைக்கழக மாணவர் இருவர் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தபோது, முதலமைச்சரால் கண்டிக்க முடிந்தது. அந்தப் பொலிஸாருக்கு உத்தரவிட முடியவில்லை.

நலன்புரி

அஸ்வெசும பட்டியலில் பெயர் இல்லையென்றால் நாம் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்துக்கும் போகிறோம். 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்தின் பிறகு பிரதேச செயலகங்கள் மத்திய அரசின் கீழேயே இயங்குகின்றன. வறுமை ஒழிப்பில் மாகாணத்துக்கு இருந்த இடம் திவிநெகும சட்டத்தோடு மேலும் சுருங்கியது. அந்தச் சட்டமூலத்துக்கு மாகாண சபைகளின் சம்மதம் வேண்டும் என்றும், சபை இல்லாத வடக்குக்காக ஆளுநர் சம்மதம் தர முடியாது என்றும் உயர் நீதிமன்றம் 2012இல் கூறியது. சட்டம் 2013 ஜனவரியில் நிறைவேறியது. அதே மாதம் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க பதவி நீக்கப்பட்டார்.

நல்லாட்சியிலும் பழக்கம் முழுதாக மாறவில்லை. போரில் வீடிழந்தவர்களுக்கு 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் என்று மத்திய அமைச்சு அறிவித்தது. எங்கள் வெயிலுக்கு இரும்பு வீடா, இந்திய உதவித் திட்டத்தில் 550,000 ரூபாவுக்குக் கல்வீடு கட்டும்போது அதற்கு இவ்வளவு செலவா என்று மாகாண சபையும் கூட்டமைப்பும் கேட்டன. அவர்களின் எதிர்ப்பால் திட்டம் முடங்கியது. கேட்க ஒரு சபை இருந்ததால்தான் அது நடந்தது. ஆனால் திட்டம் தீட்டும்போதே அவர்களைக் கேட்டிருந்தால், ஓலைக் கொட்டிலில் இருந்தவர்கள் அத்தனை காலம் காத்திருந்திருக்க வேண்டியதில்லை.

பேனா யாரிடம்?

இவை அனைத்துக்கும் அடியில் ஒரு விடயம் இருக்கிறது. மாகாண சபைகள் சட்டத்தின்படி நிதி தொடர்பான நியதிச் சட்டத்துக்கு ஆளுநரின் விதப்புரை வேண்டும். மாகாண அரச ஊழியர்களின் நியமனமும் இடமாற்றமும் ஆளுநரிடம். பிரதம செயலாளரை நியமிப்பது ஜனாதிபதி. ஆளுநர் நல்லவரானால் சபை ஓடும், இல்லையென்றால் நிற்கும். 2015இல் மாறியது ஆட்கள். இந்தச் சட்டத்தில் மாகாணத்துக்குச் சாதகமாக ஒரு வரிகூட மாறவில்லை.

சட்டமாக எழுதினால் மட்டும் எல்லாம் நிலைத்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 19ஆவது திருத்தத்தை 2020இல் 20ஆவது திருத்தம் அகற்றியது. ஆனாலும் அதற்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டியிருந்தது. ஒருவரின் நல்லெண்ணத்தால் கிடைத்ததை மாற்ற அந்த ஒருவர் மனம் மாறினாலே போதும். 2018 ஒக்டோபர் 26 இரவு, தான் நியமித்த பிரதமரையே ஜனாதிபதி சிறிசேன நீக்கினார். டிசம்பரில் ரணில் விக்கிரமசிங்கவுக்கு நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை காட்டக் கூட்டமைப்பின் வாக்குகள் உதவின. அந்த நெருக்கடியான நேரத்திலும் அவ்வாக்குகளுக்கு ஈடாக, வடக்கின் பெயரில் சட்டமாக எதுவும் வரவில்லை.

ஆகவே மறுபடியும் யாராவது “மத்தியோடு இணைந்து வேலை செய்வோம்” என்று வாக்குக் கேட்டு வந்தால், கோபப்படத் தேவையில்லை. சில கேள்விகள் கேட்கலாம். தேசிய காணி ஆணைக்குழுவை அமைக்கச் சொல்லித் திகதி வாங்குவீர்களா? நிதிக்கும் நியமனத்துக்கும் ஆளுநருக்குள்ள அதிகாரத்தைக் குறைக்கும் திருத்தத்தை முன்வைப்பீர்களா? தேர்தல் முறைச் சட்டத்துக்கு மறுபடி கை உயர்த்துமுன், தேர்தல் எப்போது என்று அதிலேயே எழுதச் சொல்வீர்களா?

போன கிழமை அந்த வீதியால் திரும்பவும் போனேன். பெரிய குழிகளுக்கு ஊர்ப் பெடியள் கல்லும் கிரவலும் போட்டு நிரப்பியிருந்தார்கள். மாமி படலையில் நின்று சொன்னார்: “அடுத்த மழை மட்டும் தாங்கும்.”