டி.எஸ்.எச். சொல்லும் சேதி

சின்னசேலத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்துகிறேன். கல்வராயன் மலையிலிருந்து காலை பஸ் பிடித்து, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து நிற்பவர்களைப் பார்த்தால் மனசு கேட்காது. தைராய்டு சோதனைக்கு மட்டும் என்றால் பட்டினி தேவையில்லை.

“டி.எஸ்.எச். கூடியிருக்கே தம்பி, தைராய்டு அதிகமாயிடுச்சா?” என்று கேட்காத அம்மாக்கள் குறைவு. பெரும்பாலும் உண்மை நேர்மாறானது. டி.எஸ்.எச். என்பது மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, கழுத்திலுள்ள தைராய்டுக்குப் போடும் உத்தரவு. தைராய்டு சுணங்கினால் உத்தரவு கூடும். மிகையாகச் சுரந்தால் குறையும்.

பெரியவர்களுக்கு ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை இயல்பு. கர்ப்பிணிகளுக்குக் கணக்கு வேறு. அளவு மாறினால் அடுத்து, தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 பார்ப்போம். டி.எஸ்.எச். கூடி, டி4 குறைந்தால் தைராய்டு குறைவு. டி.எஸ்.எச். மட்டும் லேசாகக் கூடியிருந்தால், சில வாரம் கழித்து மறுபடி சோதித்தே டாக்டர்கள் முடிவெடுப்பார்கள். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் முன்பே சொல்லுங்கள். அது முடிவையே மாற்றிக் காட்டும்.

தைராய்டு சுரக்க அயோடின் வேண்டும்; அதனால் உப்பையும் கவனியுங்கள். 2018-19 தேசிய அயோடின் ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்திய வீடுகள் இந்தியாவில் 76.3 சதவீதம், தமிழ்நாட்டில் 61.9 மட்டுமே. பாக்கெட்டில் ‘அயோடின் கலந்தது’ என்று பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று: தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ரிப்போர்ட் சரியாக வந்ததும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அந்த மாத்திரையால்தான் அளவு சரியாக இருக்கிறது.