உண்ணாத சோறு எங்கே போகிறது?

தவக்கால வழிநடை – 4

நாற்பது நாள் என்ற கணக்கு எப்படி வந்தது என்று கடந்த வாரம் பார்த்தோம். இந்த வாரம் அடுப்படிக்குப் போவோம்.

அம்பாறைக் கரையிலுள்ள பொத்துவிலில் நோன்பு என்றால் ரமழான் நோன்புதான். 2025இல் மார்ச் 2ஆம் திகதி ரமழான் தொடங்கியது, 5ஆம் திகதி தவக்காலத்தைத் தொடக்கும் விபூதிப் புதன். பிறைக் கணக்கு வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னோக்கி நகர்வதால், இப்படி இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சில வருடங்கள் அடுத்தடுத்து வரும், பிறகு விலகிப்போய்ப் பல வருடங்கள் காத்திருந்தால்தான் திரும்பவும் கிடைக்கும். அந்த மாதத்தில் பகலில் தேத்தண்ணிக் கடைகளின் முன்பக்கம் சாத்திக் கிடக்கும். போகிற வருகிறவரை யாரும் சாப்பிடக் கூப்பிட மாட்டார்கள். இங்கே ஒருசந்தி என்னும் ஒருநேர நோன்பு பிடிக்கும் ஒரு சில கிறிஸ்தவர்களுக்கு ஊரே துணையாக நிற்கும்.

மற்ற வருடங்களில் அப்படி இல்லை. ஒரு கடிதத்தைக் கொடுக்கப் போனாலும் வாசலில் குரல் வரும்: "வந்த காலோட போறதா மாஸ்டர்? இருங்க, பிளேன்ரீ ஒண்டு போடச் சொல்றன்." கூடவே தட்டில் இரண்டு வாழைப்பழம், ஒரு துண்டு தொதல். இந்தக் கரையில் அதை வேண்டாம் என்பது சாதாரண மறுப்பல்ல, அந்த வீட்டையே வேண்டாம் என்று சொல்வதாகிவிடும். காரணத்தைச் சொல்லித் தப்பலாம். ஆனால் சொன்ன கணத்தில் உபவாசம் ஊர்ச் செய்தியாகிவிடுகிறது. மலைப்பொழிவில் இயேசு கேட்டது இதற்கு நேர்மாறானது: தலைக்கு எண்ணெய் வை, முகத்தைக் கழுவு, நீ நோன்பிருப்பது உன் பிதாவுக்கு மட்டும் தெரியட்டும்.

என்ன செய்வது? நான்காம் நூற்றாண்டின் கடைசியில் எகிப்துப் பாலைவனத் துறவிகளைத் தேடிப் போன யோவான் காசியானுக்கும் இந்தக் கேள்வி வந்தது. போன இடத்தில் முதியவர்கள் விருந்தாளிக்காகத் தங்கள் நோன்பை விட்டுவிட்டுக் கூட இருந்து சாப்பிட்டதைக் கண்டு வியந்து, ஏன் என்று கேட்டார். நோன்பு என்னோடு எப்போதும் இருக்கிறது, உங்களை நான் என்றும் வைத்திருக்க முடியாது என்ற கருத்தில் ஒருவர் பதில் சொன்னதாகக் காசியான் எழுதிவைத்திருக்கிறார். நோன்பு நாம் விரும்பி எடுப்பது, அன்போ கட்டளை. எனக்கு இந்தப் பதில் போதும். தேத்தண்ணியைக் குடிக்கிறேன். அன்றைய ஒறுத்தலை இரவுச் சாப்பாட்டுக்கு மாற்றிக்கொள்கிறேன்.

இன்று கத்தோலிக்கருக்குத் திருச்சபை விதிக்கும் கடமை மிகச் சிறியது. 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட ஆணைக்குப் பிறகு, ஒருசந்தி கட்டாயமாக இருப்பது விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே. பதினெட்டு வயதானவர்கள் அறுபதாம் வயது தொடங்கும்வரை ஒரு நேரம் முழுச் சாப்பாடு, மற்ற இரு நேரமும் சிறிதளவு. தவக்கால வெள்ளிகளில் இறைச்சி இல்லாத சுத்தபோசனம். மீனுக்குத் தடை இல்லை. பாரைமீனும் இறாலும் கரைக்கு வந்து சேரும் ஊரில் இறைச்சியை மட்டும் விடுவதால் நாக்கு எதையும் இழப்பதில்லை என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. மெதடிஸ்தர்களுக்கும் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஜோன் வெஸ்லி ஒக்ஸ்போர்ட்டில் தோழர்களோடு புதனும் வெள்ளியும் நோன்பிருந்தார். அவர் வழிவந்த மிஷனரிகள் 1814இல் இலங்கைக்கு வந்தார்கள். மட்டக்களப்புக்கு வில்லியம் ஓல்ட் வந்து பள்ளிக்கூடம் தொடங்கியதும் அதே ஆண்டுதான். பள்ளிக்கூடம் நிலைத்தது. கல்முனையில் வெஸ்லியின் பெயரிலேயே ஒரு பாடசாலை நிற்கிறது. அவருடைய புதன், வெள்ளி நோன்பு எத்தனை வீடுகளில் நிற்கிறது என்பதை அந்தந்த வீட்டார்தான் சொல்ல வேண்டும்.

விதி குறைந்துவிட்டதே என்பது என் கவலை இல்லை. விதி கூடியிருந்த காலத்திலும் கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. சாப்பிடாமல் விட்ட அந்தச் சோறு எங்கே போனது?

ஆதித் திருச்சபை இதை விடாமல் கேட்டது. இரண்டாம் நூற்றாண்டில் உரோமையில் எழுதப்பட்ட 'ஹெர்மாசின் மேய்ப்பன்' என்ற நூல் செய்முறையையே சொல்கிறது: நோன்பு நாளில் அப்பமும் தண்ணீரும் மட்டும் எடு, வழக்கமாக என்ன சாப்பிட்டிருப்பாயோ அதன் விலையைக் கணக்குப் பார், அந்தத் தொகையை ஒரு விதவைக்கோ அநாதைக்கோ இல்லாதவருக்கோ கொடு. அதே நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரத்து அரிஸ்டீடிஸ், கிறிஸ்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று பேரரசருக்கு விளக்கி எழுதினார். தங்களிடையே ஓர் ஏழை இருந்து, கொடுப்பதற்குத் தங்களிடமும் மிச்சம் இல்லை என்றால், இரண்டு மூன்று நாள் பட்டினி இருந்து அவனுக்கு உணவு சேர்ப்பார்கள் என்கிறார். இதற்கெல்லாம் முன்பே, ஏசாயாவின் ஐம்பத்தெட்டாம் அதிகாரம் பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்வதையே கடவுளுக்கு உகந்த நோன்பு என்று வைத்துவிட்டது.

பொத்துவில் முஸ்லிம் வீடுகளில் இந்தக் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. பெருநாள் தொழுகைக்கு முன் ஸகாத்துல் பித்ர் கொடுத்தாக வேண்டும். வீட்டில் எத்தனை தலையோ அத்தனை பேருக்கும், பால்குடிப் பிள்ளைக்கும் சேர்த்து, ஆளுக்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ அரிசி. தொழுகை முடிந்து கொடுத்தால் அது வெறும் தர்மம்தான், பித்ராவாகாது. பெருநாளன்று எந்த வீட்டிலும் உலை வைக்க அரிசி இல்லாமல் போகக் கூடாது என்பதற்கே இந்தக் கெடு. தலைக்கு இவ்வளவு, இன்ன நேரத்துக்குள் என்று சொன்னதால் அது நடக்கிறது. நம்மிடமும் தவக்கால உண்டியல் உண்டு, திருச்சபையின் உதவி அமைப்பான கரித்தாஸ் வழியாகப் போகும் உதவியும் உண்டு. ஆனால் உண்டியலில் விழும் நூறு ரூபாய்க்கும் அன்று நான் விட்ட காலைச் சாப்பாட்டுக்கும் தொடர்பு அறுந்துவிட்டது.

அறுந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. வேலை கிடைக்க, விசா கிடைக்க, கடன் தீர உபவாசக் கூட்டங்கள். தேவையோடு மன்றாடுவது தவறே இல்லை. எஸ்தர் தன் சனத்தின் உயிருக்காக மூன்று நாள் உபவாசம் கேட்டாள். ஆனால் காலையிலிருந்து மன்றாடிவிட்டு, கூட்டம் முடிந்ததும் எல்லோரும் சோற்றுப் பார்சலைப் பிரித்தால், மத்தியானச் சாப்பாடு இரண்டு மணித்தியாலம் தள்ளிப்போனது தவிர யாருடைய பசிக்கு என்ன நடந்தது? கேட்பவனின் விண்ணப்பத்துக்கு எடை கூட்டவா பசி?

ஏசாயாவின் அதே அதிகாரத்தில் நாம் வேகமாகத் தாண்டிப் போகும் ஒரு வசனம் உண்டு. நோன்பும் இருந்து சண்டையும் பிடிக்கிறீர்கள், கைமுட்டியால் குத்துகிறீர்கள் என்று தீர்க்கதரிசி கடிந்துகொள்கிறார். 2019 ஏப்ரல் 21 இந்தக் கரைக்கு அதைப் படித்துக் காட்டியது. தவக்காலம் முடிந்த உயிர்த்த ஞாயிறு காலை, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு பள்ளி முடிந்து சாப்பிட வெளியே வந்திருந்த பிள்ளைகள் செத்தார்கள். 26ஆம் திகதி சாய்ந்தமருதில், குண்டு வைத்த இஸ்லாமியத் தீவிரவாதக் கூட்டத்தாரே பெண்கள், குழந்தைகளோடு தங்களை வெடிக்க வைத்துக்கொண்டார்கள். மே 7ஆம் திகதி ரமழான் தொடங்கியபோது, முஸ்லிம் கடைகளில் வாங்காதே என்ற பேச்சு சந்தைகளில் நடந்துகொண்டிருந்தது. நாற்பது நாள் ஒறுத்தல் செய்துவிட்டு வந்த வாய்களிலிருந்தும் அந்தப் பேச்சு வந்தது. துக்கம் உண்மை, கோபத்துக்கும் காரணம் உண்டு. குற்றத்தில் பங்கில்லாத ஒரு கடைக்காரனின் அடுப்பை அணைப்பதற்கு மட்டும் வேதத்தில் இடமில்லை. அன்றும் வழக்கமான கடையிலேயே பருப்பும் சீனியும் வாங்கி, "எப்பிடிக் காக்கா இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு வந்தவர்களும் இருந்தார்கள். அந்த வருடத்து உபவாசத்தை முழுதாக முடித்தவர்கள் அவர்கள் என்றே நம்புகிறேன்.

சரி, இனிமேல் என்ன செய்யலாம்? நம் தாய்மார் கண்ட முறை ஒன்று இருக்கிறது. பிடியரிசி. உலைக்கு அரிசி களையுமுன் ஒரு கைப்பிடியைத் தனிப் பானையில் போடுவது. தமிழ்த் திருச்சபைகளில் ஊழியத்துக்காக இப்படி அரிசி சேர்த்திருக்கிறார்கள். ஒருசந்தி நாளில் கைப்பிடி போதாது, தவிர்த்த நேரத்துக்குரிய அரிசி முழுவதும் பானைக்குப் போக வேண்டும். ஐந்து பேருள்ள வீட்டில் ஒரு நேரத்துக்கு அரைக் கிலோ என்றால், தவக்காலத்தின் வெள்ளிகளில் மட்டும் மூன்று கிலோவுக்குக் குறையாது. கறிச் செலவையும் சேர்த்தால் தொகை இன்னும் ஏறும்.

ஒரு சிக்கல் உண்டு. தவக்காலம் தொடங்குவது பெப்ரவரி, மார்ச்சில். அம்பாறைக் கரையில் அது பெரும்போக அறுவடை நேரம், அரிசி மலிவு, கூலி வேலையும் கிடைக்கும். இங்கே அடுப்பு அணைவது நவம்பர், டிசம்பரில். அப்போது மாரி மழை, கடல் கொந்தளிப்பு, தோணிகள் கரையில் கவிழ்ந்து கிடக்கும், நெல் இன்னும் பச்சையாக வயலில் நிற்கும். மார்ச்சில் சேர்த்த அரிசி அதுவரை வண்டு பிடிக்காமல் இராது. ஆகவே பெரிய வெள்ளி முடிந்ததும் பானையை அளந்து, அந்த விலையைப் பணமாக எடுத்துவைத்து, தோணி ஏறாத மாதத்தில் கடற்கரைக் கடைக்காரரிடம் கொடுத்துவிடலாம். யாருடைய கொப்பியில் கடன் ஏறிக் கிடக்கிறது என்று அவருக்குத் தெரியும். எந்த வீட்டுக் கணக்கில் கழிக்கிறார், அவர்கள் எந்தச் சமயம் என்று நாம் கேட்க வேண்டாம். நம் பெயரையும் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவைத்தால் சரி.