வணிகக் குத்தகையில் வாடகை நிலுவையும் அறிவிப்பும்: ஒசூர்த் தொழிற்பகுதியை முன்வைத்து

முன்னுரை

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஒசூர், கர்நாடக எல்லையை ஒட்டிய தொழில் நகரமாகும். சிப்காட் தொழிற்பேட்டையைச் சூழ்ந்து கடைகளும், ஆலைகளுக்கு உதிரிபாகங்கள் செய்து தரும் சிறு பட்டறைகளும் வாடகைக் கட்டடங்களில் இயங்குகின்றன. வாடகை நிலுவையில் நின்றால் கடைக்கும் பட்டறைக்கும் ஒரே அறிவிப்பு பொருந்தாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பழைய நிலை

1960ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம், வாடகை செலுத்தத் தவறியது வேண்டுமென்றே நிகழ்ந்ததா என வினவியது. இரண்டு மாத அறிவிப்புக்குப் பின்னும் நிலுவை தொடர்ந்தால் அது வேண்டுமென்றே செய்த தவறாகக் கொள்ளப்பட்டது. அறிவிப்பு இல்லாதபோது சூழ்நிலையைக் கொண்டு நீதிமன்றமே முடிவு செய்யும் என 1985இல் எஸ். சுந்தரம் பிள்ளை வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

கடைகள்

அதற்கு மாற்றாக 2017இல் இயற்றப்பட்ட சொத்து உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 22.02.2019 முதல் நடைமுறையில் உள்ளது. இதன் 21ஆம் பிரிவின்படி, இரண்டு மாத வாடகை நிலுவையில் நின்று, கேட்பு அறிவிப்பு சார்வு செய்யப்பட்ட ஒரு மாதத்திற்குள் வட்டியுடன் முழுத்தொகையும் செலுத்தப்படாவிடில், உரிமையாளர் வாடகை நீதிமன்றத்தை அணுகலாம். தவறியவரின் உள்நோக்கம் இங்கு வினவப்படுவதில்லை. செலுத்தினால் இக்காரணம் எழுவதில்லை.

பட்டறைகள்

இச்சட்டம் தொழிற்சாலைப் பயன்பாட்டுக் கட்டடங்களை விலக்குகிறது. எனவே அவற்றிற்கு 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டமே பொருந்தும். வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, உற்பத்திக்கான குத்தகையை முடிக்க ஆறு மாத அறிவிப்பும் பிறவற்றிற்கு 15 நாள் அறிவிப்பும் தேவை என்கிறது 106ஆம் பிரிவு. ஆனால் ஆண்டுக் குத்தகை பதிவு செய்யப்பட்ட ஆவணத்தாலேயே உருவாகும் என்பது 107ஆம் பிரிவு. பதிவு இல்லாதபோது உற்பத்திக் குத்தகையும் மாத வாடகையாகவே கருதப்படும் எனச் சமீர் முகர்ஜி வழக்கில் (2001) உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே ஆறு மாதம் உண்டென நம்பும் பட்டறையாளருக்கு 15 நாட்களே கிடைக்கலாம். மேலும் இவ்வறிவிப்பு பணம் கேட்பதன்று, குத்தகையையே முடிப்பது. அதன்பின் நிலுவையைச் செலுத்துவதால் மட்டும் குத்தகை உயிர்பெறாது.

காலவரையறையுள்ள குத்தகையை நிலுவைக்காக இடையில் முடிக்க, மறுநுழைவு உரிமை ஒப்பந்தத்தில் வெளிப்படையாக இருத்தல் வேண்டும். எழுத்துவழி அறிவிப்பும் வேண்டும். எனினும் வழக்கு விசாரணையின்போது நிலுவை, வட்டி, வழக்குச் செலவு ஆகியவற்றைச் செலுத்துவோருக்கு 114ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றம் நிவாரணம் வழங்கலாம்.

முடிவுரை

கட்டடத்தின் பயன்பாடு, ஆவணப் பதிவு ஆகிய இரண்டுமே அறிவிப்பின் தன்மையையும் காலத்தையும் தீர்மானிக்கின்றன. இயந்திரங்களை நிறுவித் தொழில் நடத்தும் சிறு பட்டறையாளருக்குப் பதிவு என்பது வெறும் சடங்கன்று. ஐந்தரை மாத அவகாசத்தின் வேறுபாடு.